ஒரு நாள் கேட்டவர்

பொய் சொல்கிறவர்களைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்குப் பொய்யின் வாடை தெரியாமல் போகாது. எதிரில் இருப்பவர் தண்ணீர் கிளாஸை இரண்டு தடவை நகர்த்தி வைத்தாலே, சரி, ஆள் அளக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவேன். கேட்பதற்கு முன்னாலேயே உண்மையை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள் பாருங்கள், அவர்களிடம்தான் எனக்குப் பயம். இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவர் மாட்டுங்கா மாமி.

மாமியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லாமல் விட்டால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கம்பெனிகளுக்கும் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் பத்திரிகைத் தொடர்பு பார்ப்பது அவர் தொழில். பி.ஆர். என்று சொல்வோம். மும்பையில் வருகிற தமிழ்ப் பத்திரிகைகளில் அவர் கை படாத பக்கம் குறைவு. அவர் பெயர் அச்சான பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுக்கும்போது கடைசி நொடியில் நகர்ந்துவிடுவார். பழைய படங்களைப் பார்த்தால் ஓரத்தில் ஒரு புடவைத் தலைப்பும் பாதிக் கைப்பையும் மட்டும் தெரியும். மாமி என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். நேரில் மேடம்தான்.

அந்தக் கைப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு ரெக்ஸின் பை. அதிலிருந்து எப்போதும் ஒரு ஸ்கேல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ஓர் அடி பிளாஸ்டிக் ஸ்கேல். தன்னை வேலைக்கு வைத்திருக்கிற கட்சிக்காரர்களைப் பற்றிய செய்தி எத்தனை சென்டிமீட்டர் வந்திருக்கிறது என்று அளந்து, வெட்டி, தாளில் ஒட்டி, கோப்பில் போட்டு அவர்களிடம் காட்டுவார். பெரிய ஏஜென்ஸிக்காரர்கள் இதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். மாமி மட்டும் கத்திரிக்கோலும் பசையுமாக இருந்தார். ஒரு தடவை டிரெயினில் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து என் செய்தியை என் கண் முன்னாலேயே அளந்தார். அளந்து முடித்து, "இன்னிக்கு ரெண்டு சென்டிமீட்டர் கம்மி. விளம்பரம் வந்துடுத்தா?" என்று கேட்டார். விளம்பரம்தான் வந்திருந்தது.

எங்கள் அலுவலகம் தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி. கீழே பை தைக்கிற பட்டறை. தையல் மெஷின்கள் ஓடினால் மேலே எங்கள் மேஜை நடுங்கும். ஆசிரியரையும் சேர்த்து நாலு பேர். எட்டுப் பக்கத்தை இந்த நாலு பேர் நிரப்ப வேண்டும். கம்பெனிகளிடமிருந்து அறிக்கைகள் இங்கிலீஷிலும் மராத்தியிலும் வந்து குவியும். சில ஏஜென்ஸிகள் தமிழிலேயே அனுப்பும், அதுதான் பெரிய தலைவலி. 'எங்கள் நிறுவனம் வாஷியில் தனது காலடித் தடத்தை ஆழமாக்குகிறது' என்று ஒன்று வந்தது. யாரோ சேற்றில் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார்.

மாமியின் அறிக்கை அப்படி இருக்காது. சுத்தமான தமிழ், சின்னச் சின்ன வாக்கியங்கள், தேவையான அளவு. திங்கட்கிழமை என்றால் மூன்றாம் பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அளவுக்கு எழுதி அனுப்புவார். தலைப்பைக்கூட நாங்கள் வைக்கிற மாதிரியே வைத்திருப்பார். நாங்கள் ஒரு கமா கூட மாற்றாமல் போட்டுவிடுவோம். ஒருநாள் ஆசிரியர் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு, இந்தச் செய்தியில் உன் நடை நன்றாக வந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். அது மாமி எழுதியது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

மற்ற பி.ஆர். ஆட்கள் பத்திரிகையாளர் சந்திப்பில் ஆளுக்கு ஒரு பை கொடுப்பார்கள். உள்ளே கடிகாரமோ பென்டிரைவோ ஏதாவது இருக்கும். மாமி ஒரு குண்டூசிகூடக் கொடுத்தது கிடையாது. டீயும் பிஸ்கட்டும், கேட்ட கேள்விக்கு நேரான பதிலும்தான். "பொய் சொன்னா நாளைக்கு என் ஃபோனை எடுக்க மாட்டேள். எனக்கு நாளைக்கும் வேணுமே நீங்க" என்பார். அவர் சொன்ன ஒரு தகவல்கூட, ஒரு எண்ணிக்கைகூட, எனக்குத் தெரிந்து தப்பாகப் போனதில்லை.

செம்பூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபாக்டரியில் வாயு கசிந்த சமயம் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. மாமி. "நம்ம கிளையன்ட் ஃபாக்டரிதான். கேஸ் கசிஞ்சுடுத்து. ஒம்பது பேரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா. வால்வு பழசு, மாத்தியிருக்கணும், மாத்தலை. எழுதிக்கோங்கோ" என்றார். பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுதிக்கொண்டேன். போலீஸ் அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு முன்னால் எங்கள் எட்டுப் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. நான்கு நாள் நான் தரையில் நடக்கவில்லை. நிர்வாகம் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டது என்று ஒரு வரியும் அதில் எழுதியிருந்தேன். யாரும் சொல்லி எழுதவில்லை, நானாகத்தான் எழுதினேன். பழைய வால்வை ஏன் மாற்றவில்லை, யார் மாற்ற வேண்டாம் என்றது என்று நானும் கேட்கவில்லை, வேறு எவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்தான் சொல்லிவிட்டார்களே என்று இருந்துவிட்டோம்.

சில வாரம் கழித்து அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்கிறார்கள், வேலையும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். மாமியிடமே முகவரி கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். திங்கட்கிழமை போய்ப் பார்ப்பதாக நோட்டில் குறித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது.

கொண்டுபோன இடத்தில் கட்டில் காலி இல்லை. அப்பா ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். அந்த நேரம் வேறு எதற்கோ மாமி ஃபோன் செய்தார். பின்னால் கேட்ட சத்தத்தை வைத்து, "எங்கே இருக்கேள்?" என்றார். சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டில் கிடைத்தது. டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் ஐந்து நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செம்பூர் போக முடியவில்லை. பிறகும் போகவில்லை. மாமி அந்தக் கட்டிலைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். சாகிறவரை மாமியை அந்தப் புண்ணியவதி என்றுதான் சொல்லுவார்.

இப்படிப்பட்டவர் எங்களிடம் எதையும் போடச் சொல்லிக் கேட்டதே இல்லை. போட வேண்டாம் என்றும் சொன்னதில்லை. எப்போதாவது, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்றே ஒன்று கேட்பார். "ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்கோளேன்." அவ்வளவுதான். அதற்கும் நியாயமான காரணம் இருக்கும். அதிகாரி ஊரில் இல்லை, நாளைக்கு வந்து கையெழுத்தோடு பதில் தருவார், ரெண்டு பக்கமும் கேட்டுப் போட்டால் உங்களுக்குத்தானே நல்லது என்பார். ரெண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவரும் மாமியாவதற்கு முன்னால் சில வருடம் நிருபராக இருந்தவர்தான். எங்கள் பாடம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் சொன்னபடி பதில் வரும். ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

சயானுக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் ஒரு பழைய சால், வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்த இடம். இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் கட்டப்போவதாக ஒரு பில்டர் வந்தார். கட்டி முடிக்கிறவரை வெளியில் இருந்துகொள்ளுங்கள், வாடகை தருகிறோம் என்று பாதிப் பேரை அனுப்பினார்கள். அவர்கள் வாஷி, சான்பாடா என்று கடல் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் சிதறிப் போனார்கள். அதற்கப்புறம், புதுக் கட்டடத்தில் யார் யாருக்கு வீடு என்று ஒரு பட்டியல் அரசு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். மராத்தியில் இருந்தது. பெயர் விடுபட்டவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு கிடையாது, அது பில்டர் விற்றுக்கொள்ள மிச்சம். வெளியே போனவர்களில் பல பேருடைய பெயர் அதில் இல்லை. சுவரில் ஒட்டிய காகிதத்தைச் சான்பாடாவில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? சாலில் மிச்சம் இருந்த ஒரு எலெக்ட்ரீஷியன் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அன்றைக்குத் திங்கட்கிழமை. கடைசி நாள் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி.

உட்கார்ந்து எழுதினேன். யார் யாருக்குப் பெயர் இல்லை, ஆட்சேபத்தை எங்கே கொடுக்க வேண்டும், வாடகை ரசீதும் நோட்டரியிடம் வாங்கிய அஃபிடவிட்டும் கூட வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் போட்டேன். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகைக்கு முதல் பக்கம் என்று ஆசிரியர் இடம் ஒதுக்கினார். நாலு மணிக்கு பில்டர் தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்க எண்ணைச் சுற்றினேன். அவர்கள் பேசக் கொடுத்தது மாமியிடம். பில்டர் அவருடைய கட்சிக்காரர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு, "நீங்க எழுதினது சரிதான். பேர் விட்டுப்போயிருக்கு. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோங்கோளேன். நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்ட பதில் நானே கொண்டுவந்து தரேன்" என்றார்.

நான் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலையில் பத்திரிகை வந்தாலும் ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கிடைத்தால் செய்திக்குப் பலம், நாளைக்கு பில்டர் மறுக்க முடியாது. ஆசிரியரிடம் சொன்னேன். உன் இஷ்டம் என்றுவிட்டார். முதல் பக்கத்தில் ஒரு கோயில் கொடைச் செய்தியைப் போட்டு நிரப்பினோம்.

செவ்வாய் சாயங்காலம் மாமி தானே மாடியேறி வந்தார். பதிலைக் கொடுத்தார். பெயர்கள் விடுபட்டிருப்பது உண்மை, ஆட்சேபம் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும், கடைசி நாள் புதன்கிழமை மாலை ஐந்து மணி என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒரு பொய் இல்லை. எங்கள் டீயைக் குடித்து, அப்பாவை விசாரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். பெயர் செல்லக்கனி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாலில் இருந்தவர். புருஷன் இல்லை. சால் காலியானதும் சான்பாடாவில் மகளோடு இருந்துகொண்டு, வாஷியில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறார். கையில் எங்கள் புதன்கிழமைப் பத்திரிகை, நாலாக மடித்து பிளாஸ்டிக் கவரில். நான்தான் அதை எழுதியவன் என்று தெரிந்ததும் எதிரில் உட்கார்ந்தார்.

சான்பாடாவுக்கு எங்கள் பத்திரிகை பதினொன்றரைக்குத்தான் போகும். முதல் டெம்போ தாராவி, சயான், செம்பூருக்கு. வாஷிப் பக்கம் இரண்டாவது டெம்போ. செல்லக்கனி அக்கா சமையல் முடித்து வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தபோது மணி இரண்டு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தன் பெயரைப் பார்த்ததும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து ரசீதைத் தேடி எடுத்திருக்கிறார். நோட்டரியிடம் ஓடினால் அங்கே வரிசை. அஃபிடவிட் கைக்கு வந்தபோது நாலே கால். ஹார்பர் லைனில் ஏறி, இறங்கி, ஓடி ஆட்சேபம் வாங்குகிற அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ஐந்து இருபது.

"டைம் கதம், முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டான் தம்பி. கதவப் பூட்டிட்டான். கம்பி வழியா பேப்பர நீட்டுனேன், வாங்க மாட்டேங்கான். நீங்க போட்டதப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன். நீங்க போடலன்னா எனக்கு இதுகூடத் தெரியாது, அது வேற. ஒரு நாளு முந்திப் போட்டிருக்கக் கூடாதா?"

குறை சொல்கிற குரலே இல்லை. கடையில் சாமான் தீர்ந்துபோனதற்கு வருத்தப்படுகிற மாதிரிச் சொன்னார். அஃபிடவிட் வேண்டும் என்று எழுதியது நான். அஃபிடவிட் வாங்க எத்தனை நேரமாகும் என்று எழுதியவனுக்கு உறைக்கவில்லை. சிதறிப் போனவர்கள் எல்லாம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று எழுதியதும் நான். அங்கே பத்திரிகை எப்போது போகும் என்று தெரிந்தவனும் நான். அந்த ஒரு வாரத்துக்குள் எங்களிடம் இன்னும் சில பேர் வந்தார்கள். எல்லோரும் சான்பாடா, வாஷி. எல்லோருக்கும் ஐந்து மணி தாண்டியிருந்தது. தாராவியிலும் சயானிலும் குடியிருந்தவர்கள் காலையிலேயே பத்திரிகை பார்த்துவிட்டு நேரத்தோடு கொடுத்துவிட்டார்கள்.

அக்கா போன பிறகு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் மாமியோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சோடு பேச்சாக, நவி மும்பைக்கு, வாஷி சான்பாடாப் பக்கம், உங்கள் பத்திரிகை எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டார். நான் இரண்டாவது டெம்போக்காரனைத் திட்டிக்கொண்டே, பதினொன்றரை ஆகிவிடுகிறது மேடம், எவன் வாங்குவான் என்று புலம்பினேன். பாவம், கஷ்டம்தான் என்றார். டிரெயின் வந்தது, ஏறிக்கொண்டோம்.

சனிக்கிழமை மாமி வீட்டுக்குப் போனேன். மாட்டுங்காவில் இரண்டாவது மாடி. வாங்கோ என்று உட்காரவைத்துக் காபி கொண்டுவந்தார். நான் காபியைத் தொடவில்லை. செல்லக்கனி அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஐந்து இருபதைச் சொன்னேன். கம்பி வழியாக நீட்டிய காகிதத்தைச் சொன்னேன். மாமி முகத்தில் வருத்தம் இருந்தது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"தெரிஞ்சுதான் ஒரு நாள் கேட்டீங்களா மேடம்?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றார். "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"என்ன கேட்டிருக்கணும்?"

"எதுக்கு ஒரு நாள்னு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க அதைக் கேட்டதில்லையே."

எனக்கு அவரை அடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அதிகாரி ஊரில் இல்லை, கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்ன காரணங்களும் உண்மைதான். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு காரணம் இருக்குமா என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ரெண்டு பக்கமும் கேட்கிற நல்ல நிருபர் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

உள்ளே ஃபோன் அடித்தது. எழுந்து போனார். மேஜையில் ஸ்கேலும் கத்திரிக்கோலும் இருந்தன. பக்கத்தில் ஒரு கனமான கோப்பு. முதுகில் எங்கள் பத்திரிகையின் பெயர். திறந்து பார்த்தேன், தப்புத்தான். கடைசியில் என் புதன்கிழமைச் செய்தி ஒட்டியிருந்தது. கீழே பென்சிலில் சென்டிமீட்டர் கணக்கு. அதற்கு முந்தின தாள் வெறும் வெள்ளைத் தாள். மேலே தேதியும் செவ்வாய்க்கிழமை என்றும், ஓரத்தில் சின்னதாக பில்டர் பெயரும் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஏதோ ஒட்ட மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன்.

பின்னால் புரட்டினேன். வெட்டி ஒட்டிய தாள்களுக்கு நடுவில் இன்னொரு வெள்ளைத் தாள். தேதி, கிழமை, ஒரு கம்பெனி பெயர். இன்னும் சில தாள் தாண்டி இன்னொன்று. மெதுவாகத்தான் புரிந்தது. செய்தி வந்த நாளுக்கு ஒரு தாள் போட்டவர், வராத நாளுக்கும் ஒரு தாள் போட்டிருக்கிறார். இரண்டையும் கட்சிக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். வந்ததற்கு அளவு உண்டு. வராததை எந்த ஸ்கேலால் அளப்பார், அது வெள்ளையாகவே இருந்தது. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் நான் பொறுத்துக்கொண்ட ஒரு நாள். அன்றைக்கு நான் எழுதி வைத்திருந்தது என்ன, மறுநாள் வந்ததால் யாருக்கு என்ன போயிற்று, ஒன்றும் ஞாபகமில்லை.

ஒரு தாள் மட்டும் ஞாபகம் இருந்தது. ஓரத்தில் செம்பூர் ஃபாக்டரியின் பெயர். தேதி, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம்.

மாமி திரும்பி வந்தபோது அந்தத் தாள்தான் திறந்திருந்தது. பார்த்தார். கோப்பை மூடவில்லை, என் கையிலிருந்து பிடுங்கவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார், நான் கேட்பேன் என்று. கட்டில் வாங்கிக் கொடுத்தது எங்கள் அப்பாவுக்காகவா, இந்தத் தாளுக்காகவா? ஒரே ஒரு கேள்வி. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். மாமியைப் பற்றி எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அது. அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

"காபி ஆறிடுத்தே" என்றார். ஆறிய காபியைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான்கைந்து தடவை சந்திப்புகளில் பார்த்தோம், வணக்கம் சொல்லிக்கொண்டோம். அவர் என்னிடம் மறுபடி ஒரு நாள் கேட்கவில்லை. பிறகு தொழிலை விட்டுவிட்டுப் பெங்களூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார் என்று சொன்னார்கள். தீபாவளிக்கு வாட்ஸாப்பில் வாழ்த்து வரும். அப்பா தவறிப்போன வருடம், எல்லோருக்கும் முந்தி அவர் செய்திதான் வந்தது. யார் சொல்லித் தெரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. நல்ல மனுஷி என்றுதான் தோன்றியது. உடனே, இது எதற்காக இருக்கும் என்றும் தோன்றியது.

செல்லக்கனி அக்காவின் மேல்முறையீட்டு மனு இன்னும் எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது. புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. டிரெயினில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும், எந்த மாடி எனக்கு வந்திருக்கும்னு பாத்துக்கிட்டே போவேன் தம்பி என்பார். சான்பாடாவில்தான் இருக்கிறார். எங்கள் பத்திரிகையை இன்னும் காசு கொடுத்து வாங்குகிறார். என் பெயர் போட்ட செய்தி வந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஃபோன் செய்வார். நல்லா எழுதியிருக்கீங்க என்று சொல்ல மாட்டார். ஒரே கேள்விதான் கேட்பார், இது இன்னைக்கு வரவேண்டியதா, நேத்தே வரவேண்டியதா என்று. குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். இன்னைக்கு வரவேண்டியதுதான்க்கா என்று நானும் சொல்லுவேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

போன மாதம் ஒரு செய்தி போட்டேன். கோவண்டிப் பக்கம் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வருவதைப் பற்றி. அதிகாரியின் பதிலுக்காக ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த ஒரு நாளைக் கேட்டது ஒரு இளம்பெண், அந்த இலாகாவின் புது பி.ஆர்., மிகவும் மரியாதையாகக் கேட்டாள். எதுக்கு ஒரு நாள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே நாளைக்குக் கையெழுத்தோடு தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சரி என்றுவிட்டேன்.

மத்தியானம் அக்காவின் ஃபோன் வந்தது. வழக்கமான கேள்வி. எனக்கு அன்றைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நேத்தே வந்திருக்கணும்க்கா."

டிரெயின் போகிற இரைச்சல் கேட்டது. பிறகு கேட்டார்.

"இந்தத் தடவ யாரு வீடு தம்பி?"